உடை மாறியது, உலை மாறியதா?

கேள்வி: மதுரைப் புறநகரில் எண்பது குடும்பங்கள் கொண்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. வாலிபர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்; பலர் புறவழிச்சாலையோரம் உள்ள பெரிய ஜெபக்கூடங்களுக்குப் போய்விட்டார்கள். ஆர்கனை எடுத்துவிட்டு டிரம்ஸும் எல்இடி திரையும் வைக்கலாம் என்கிறார்கள் கமிட்டியில் பாதிப் பேர். பழைய ஞானப்பாட்டுகளின் தொகுப்பான பாமாலையில் கை வைக்கக் கூடாது என்கிறார்கள் மீதிப் பேர். இன்றைய பண்பாட்டுக்கு ஏற்ப திருச்சபை மாற வேண்டுமா, கூடாதா?

பதில்:

தம்பி, திரை வாங்கும் தீர்மானத்தை ஆறு மாதம் ஒத்திவையுங்கள். அதற்குள் உங்கள் கமிட்டி வேறொரு கேள்வியைப் பேசட்டும்: உங்கள் சபையில் யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? கேள்வியைத் திசைதிருப்புவதாக நினைக்காதீர்கள். மதுரைத் திருச்சபையின் வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்தவன் நான். ஒரு சேகரத்தின், அதாவது ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகளின், கமிட்டியிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் எனக்குக் கிடைத்த முடிவு ஒன்றுதான். இந்த ஊரில் சபை தன் உடையைப் பலமுறை மாற்றிக்கொண்டிருக்கிறது. உலையை, அதாவது யாரோடு யார் உண்பது என்பதை, மாற்றச் சொன்னபோதெல்லாம் தயங்கியிருக்கிறது.

உங்கள் கமிட்டியில் நடக்கும் வாதம் இங்கே நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. இத்தாலிய சேசு சபைக் குருவான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த சேசு சபைத் துறவி இங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஞானக் காரியங்களைச் செய்துவந்தார்; ஒரு பள்ளியும் சிறிய மருத்துவ நிலையமும் நடத்தினார். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. அவருடைய பக்தியில் குறையில்லை. கிறிஸ்தவர் ஆவது என்பதை 'பரங்கிக் குலத்தில் சேருவது' என்றே ஊர் புரிந்துகொண்டிருந்தது. மிஷனரிகள் கேட்ட கேள்வியே அந்தச் சொல்லில்தான் இருந்தது. போர்த்துக்கீசியரின் உடை, உணவு, குடி எல்லாம் சேர்ந்ததுதான் கிறிஸ்து மார்க்கம் என்று மக்கள் எண்ணினார்கள்.

நொபிலி காவி உடுத்தினார். மரக்கறி உணவுக்கு மாறினார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி படித்தார், தமிழை ஆழக் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். கோவில், பூசை, குரு, வேதம் என்று ஊராரின் சொற்களிலேயே பேசினார். எங்கள் தெருவில் இருந்த கத்தோலிக்கப் பாட்டிமார் கடைசிவரை 'பூசைக்குப் போகிறேன்' என்றுதான் சொன்னார்கள். சக மிஷனரிகளே நொபிலிமீது புகார் எழுதினார்கள். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போனது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை வைத்துக்கொண்டே ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம் என்று 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். நொபிலியின் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஒரு பண்பாட்டின் உள்ளே சென்று, அதன் மொழியில் யோசித்து, அதன் அறிஞர்களோடு சமமாக வாதிட்ட ஐரோப்பியர் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?

ஆனால் அவர் பெர்னாண்டசின் வீட்டைவிட்டுத் தனி வீட்டுக்குப் போனார். தனிச் சமையல், தனிக் கோவில். பரதவர் வழிபடும் இடத்தில் அவருடைய சீடர்கள் வழிபடவில்லை. 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற பெயரில் இன்னொரு வகைக் குருக்கள் வந்தார்கள். மேல்சாதியாருக்குச் சந்நியாசி, ஒடுக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமி என்று ஆயிற்று. மதுரையின் பண்பாட்டை முழுமையாக ஏற்றபோது அதன் சாதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து எழுப்பிய சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லையென்றால் ஒருமுறை வாலிபர்களை அழைத்துப் போங்கள். பண்பாட்டைத் தழுவுவது பற்றிய எந்தப் பாடத்தையும்விட அந்தச் சுவர் நன்றாகக் கற்பிக்கும்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் வந்தது. நம் சி.எஸ்.ஐ. சபைகளின் தாய் அது. அவர்கள் நொபிலிக்கு நேர் எதிர். உடையில், இசையில், கட்டடத்தில் ஊரோடு ஒட்ட அவர்கள் பெரிதாக முயலவில்லை. உலையில் மட்டும் கை வைத்தார்கள். மிஷன் ஊழியர்கள் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று 1847இல் கண்டிப்பான நிலை எடுத்தார்கள். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்து வெளியேறினார்கள். ஊழியர்களை இழந்தாலும் விதியைத் தளர்த்தவில்லை. அதற்காக அவர்களை வணங்குகிறேன். ஆனாலும் அது சம்பளம் கொடுப்பவர் போட்ட பந்தி. உத்தரவுக்கு உட்கார்ந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய அடுப்பிலேயே சமைத்தார்கள். பெண் கொடுக்கும்போது, பெண் எடுக்கும்போது பழைய கணக்கையே பார்த்தார்கள். பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் 1948இல் வந்த லேடி டோக் கல்லூரியும் இந்தப் பகுதியின் வாழ்க்கையை மாற்றியது உண்மை. நம் வீட்டுத் திருமணப் பேச்சை அவற்றால்கூட அவ்வளவாக மாற்ற முடியவில்லை.

இனி நான் சொல்லப்போகிற ஆளைப் பற்றி உங்கள் வாலிபர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, மதுரை - இராமநாதபுரம் பகுதிக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு வயது 37. 1959 வரை இங்கே இருந்தார். கிராமக் கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் நின்று பிரசங்கித்த அனுபவத்தைப் பின்னாளில் அவர் எழுதினார். நடுவில் சபையார் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதை, நடுவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் சுற்றி நிற்பவர்கள் முடிவுசெய்வார்கள் என்பதை அங்கே உணர்ந்ததாகச் சொல்கிறார். 'ஒப்புரவாக்கப்பட்டோம்' என்று பிரசங்கம் நடக்கும்போது கீழே சாதிக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால், சுற்றி நிற்பவருக்குக் கண் தெரியாதா?

நியூபிகின் பிறகு சென்னையில் பேராயராக இருந்து, 1974இல் இங்கிலாந்து திரும்பினார். விமானத்தில் போகவில்லை, கணவனும் மனைவியுமாகப் பெரும்பாலும் பஸ்களில், கையில் எடுத்துச் செல்லக்கூடிய சுமையோடு தரைவழியாகவே போனார்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் சபைகள் காலியாகிக்கொண்டிருந்தன. அங்கேதான் அவர் கேட்டார்: இந்தியாவுக்கு வந்த மிஷனரி இந்தியப் பண்பாட்டை வெளியாளாக நின்று ஆராய்ந்தானே, அதேபோல மேற்கத்தியப் பண்பாட்டை யார் ஆராய்ந்தார்கள்? திருச்சபையை இக்காலப் பண்பாட்டின் முன் வைத்து மறுபடி சிந்திப்பது என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடக்கும் பேச்சுக்கு அந்தக் கேள்வி ஒரு முக்கியமான ஊற்று. நம் வாலிபர்கள் அந்தப் பேச்சை யூடியூபில் ஆங்கிலத்தில் கேட்டு வியக்கிறார்கள். அதன் ஊற்றுக்கண்களில் ஒன்று நம் கிராமக் கோயில் வாசலில் இருக்கிறது.

இன்னொருவர் மதுரை அரசரடியில் இருந்தார். தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் உருவானது. அங்கே பேராசிரியராக இருந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்ற பெயரை அவரே விரும்பி வைத்துக்கொண்டார். கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். சாவுக்கு அடிப்பது, தீண்டத்தகாதது என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையின் தாளத்துக்கு வழிபாட்டில் இடம் கேட்டார். கடவுளைப் 'பெத்தவரு' என்று அழைத்தார். தாயும் தகப்பனும் அந்த ஒரே சொல்லில் அடங்குகிறார்கள். இசையை மாற்றியவர் என்று மட்டும் அவரை நினைத்தால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். அவருடைய இறையியலின் மையம் ஒரே உலை: எல்லோருடைய அரிசியும் ஒரு பானையில் வேக வேண்டும், எல்லோரும் அதிலிருந்து உண்ண வேண்டும். திருவிருந்தின் பொருளே அதுதான் என்றார். 2005இல் மறைந்தார். உடையும் உலையும் சேர்ந்தே மாற வேண்டும் என்று இந்த ஊரில் தெளிவாகச் சொன்ன ஆள் அவர் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் வாலிபர்களிடம் வருகிறேன். 1990களில் ஒருநாள் மேலூர் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நானும் சபை மூப்பர் ஒருவரும் போயிருந்தோம். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா எவர்சில்வர் தம்ளரில் காபி கொண்டுவந்தார். மூப்பர், 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அம்மா, வேண்டாம்' என்று எழுந்துவிட்டார். நான் குடித்தேன், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு தெருவில், வேறொரு வீட்டில், அதே மூப்பர் சர்க்கரை போட்ட காபியைக் குடித்ததையும் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வீட்டில் கதவோரம் ஒரு பெண் குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்து செவிலியரானாள், மதுரையில்தான் வேலை. அவளும் ஒரு ஜெபக்கூடத்துக்குப் போய்விட்டாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் சந்தித்தபோது காரணம் கேட்டேன். 'அங்கே என் பெயரைக் கேட்டார்கள், ஐயா. நம் சபையில் அப்பா பெயரையும் எந்த ஊர் என்பதையும் கேட்டார்கள்' என்றாள்.

எந்த ஊர், யார் பிள்ளை என்று நாம் அன்பாகத்தான் கேட்கிறோம் என்று நம்புகிறோம். கேட்கப்படுபவருக்கு அதன் உள்ளர்த்தம் தெரியும்.

அந்தப் பெண் டிரம்ஸ் இருந்ததால் போகவில்லை. அவளுடைய தாய் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது அந்தக் கூடத்தின் பெண்கள் முறைவைத்து இரவில் துணைக்கு இருந்தார்கள். நம் சேகரத்தில் சபைப் பட்டியலில் பெயர் இருந்தது, சந்தா பாக்கியும் இல்லை. ஆனால் ஆயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனதோடு சரி. ஆயரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஐந்தாறு சபைகள். ஜெபக்கூடங்களின் போதனையில் எனக்குப் பல கருத்து வேறுபாடுகள் உண்டு. வறுமையை விசுவாசக் குறை என்று சொல்வது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆனாலும் எழுந்து சாட்சி சொல்லப் பெண்ணுக்கு அங்கே வாய் கிடைக்கிறது. நம் சபையில் அதே பெண்ணுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஞாயிறு வந்தால்தான் ஒலிபெருக்கி கிடைக்கும்.

இன்றைய பண்பாடு என்று கமிட்டியில் சொல்லும்போது ஒளியையும் ஒலியையும்தான் சொல்கிறார்கள். ஊரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மாசி வீதிகளில் ஜவுளிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் ஞாயிறுதான் பெரிய நாள். அங்கே நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. உங்கள் சபை வீட்டுப் பெண்களும் அந்தக் கடைகளில் நிற்கக்கூடும். ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? மருத்துவமனைகளில் இரவுப் பணி முடிந்து வரும் செவிலியர்கள், கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த இளைஞர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. யாரும் அவர்களைக் கேட்டதில்லை. கத்தோலிக்கர்களிடம் ஒன்று கற்கலாம்: அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மாலை மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் பெறாதவர்கள். அவர்களிடம் யாரும் பட்டியலைக் காட்டிக் கேட்பதில்லை. நம் சபைகளில் கணக்கு வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவருக்குத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடமில்லை. அதனால் பிள்ளைகளின் படிப்பை எண்ணி, சான்றிதழில் ஒன்றும் மனதில் ஒன்றுமாக வாழ்பவர்கள் நம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'மறைந்து வாழும் விசுவாசி' என்று பீடத்திலிருந்து கடிந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அரசாங்கம் ஒரு பக்கம் தள்ளுகிறது, நாமும் ஏன் தள்ள வேண்டும்?

உலை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இக்காலத்துக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் அறுப்பின் பண்டிகைக்குக் கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டினார்கள். யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்பதில் சண்டை வந்தது. வெட்கப்பட வேண்டிய சண்டைதான், ஆனால் நோய் வெளியே தெரிந்தது. பிறகு கேட்டரிங் வந்தது. 2020இல் கொரோனா வந்தபின், பொட்டலம் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல இடங்களில் நிலைத்துவிட்டது. பிரியாணிப் பொட்டலத்தை வாசலில் வாங்கிக்கொண்டு, வண்டியில் மாட்டி, அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம். சண்டையும் இல்லை, பந்தியும் இல்லை. வழிபாட்டைக்கூடக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். ஒருவர் கையில் இன்னொருவர் வாங்கி உண்பதைக் கைப்பேசியில் செய்ய முடியாது. நகர வாழ்க்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். விடுதி அறையில் தனியாக உண்ணும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

ஆகவே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வளாகத்திலேயே சமைத்துச் சாப்பிடுங்கள். கேட்டரிங் வேண்டாம். ஒவ்வொரு வீடும் ஒரு படி அரிசி கொண்டுவரட்டும், எல்லாம் ஒரே பானையில் விழட்டும். சமையல் பொறுப்பு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு என்று எழுதிவிடாதீர்கள். ஆண்களும் வாலிபர்களும் வெங்காயம் உரிக்கட்டும். குலுக்கல் முறையில் பெயர் எடுத்தால், எந்தத் தெருக்காரர் சமைக்கிறார் என்ற கேள்விக்கு இடமிருக்காது. முதல் மாதம் சிலர் 'அவசர வேலை' என்று போய்விடுவார்கள். அவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்த மாதமும் அழையுங்கள்.

வார நாளில் ஒரு மாலை, கடைகள் மூடிய பிறகு, ஒன்பதரைக்கு ஒரு சிறிய ஜெபம் வையுங்கள். இது தூங்கா நகரம். ஒன்பதரை மணி இங்கே இரவே இல்லை. இருபது நிமிடம் போதும், நாற்காலி போடுங்கள், நாளெல்லாம் நின்றவர்களை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

பிரசங்கத்தைப் பற்றியும் உங்களுக்குக் கவலை இருக்கும். நேரத்தைக் குறைப்பதால் மட்டும் பயன் வராது. பிரசங்கம் முடிந்தபின் பத்து நிமிடம் கேள்விக்கு விடுங்கள். நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் சட்டமும் படிக்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் கோயிலில் மட்டும் வாய்மூடி இருப்பார்களா? 'சந்தேகப்படாதே' என்று ஒருமுறை சொன்னால் அந்தப் பிள்ளை சந்தேகத்தை விடமாட்டான், சபையை விட்டுவிடுவான். அதேபோல வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள். கமிட்டித் தேர்தலில் அணி கட்டுவதையும் வழக்கு மன்றத்துக்குப் போவதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அவர்கள் வழிபாட்டு முறையை வெறுக்கவில்லை, இந்தச் சண்டையைத்தான் வெறுக்கிறார்கள்.

திருமணம்தான் கடினமானது. கிறிஸ்தவ மணமாலைப் பட்டியல்களில் மணமக்களின் சாதியைக் கேட்கும் கட்டம் இன்னும் இருக்கிறது. உங்கள் சபை எந்தப் பட்டியலையாவது நடத்தினால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சாதி கடந்து மணக்க விரும்பும் பிள்ளைகள் ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்பைச் சபையில் படிக்க, கேட்டு வந்தால், வீட்டார் எதிர்த்தாலும் சபை மூப்பர்கள் அவர்கள் பக்கம் நிற்பார்கள் என்று தீர்மானம் போடுங்கள். இந்தத் தீர்மானம் எளிதில் நிறைவேறாது. முதல் கூட்டத்தில் தோற்கவும் செய்யலாம். தோற்றாலும் வாக்கு எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுங்கள். எத்தனை பேர் தங்கள் பக்கம் இருக்கிறார்கள் என்பதை வாலிபர்கள் அதிலிருந்து தெரிந்துகொள்வார்கள்.

இசைக்கு வருகிறேன். பாமாலையை எடுத்துவிடாதீர்கள், உங்கள் சபையின் மூத்த பெண்மணிகள் மரணப் படுக்கையில் கேட்கப்போவது அதைத்தான். புதிய பாடல்களையும் மறுக்காதீர்கள், அவற்றில் நல்லவை பல உண்டு. வெளியூரிலிருந்து வாத்தியக்காரரைக் கூலிக்கு அழைக்க வேண்டாம். உங்கள் சபையில் தப்பு என்னும் பறை அடிக்கத் தெரிந்த குடும்பம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், அதை எல்லோர் முன்னிலும் கற்றுக்கொடுக்கச் சம்மதமா என்று அவர்களிடமே கேளுங்கள். பழைய அவமானத்தை நினைத்து அவர்கள் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சம்மதித்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர்களிடம் உட்கார்ந்து கற்கட்டும், கற்றுக்கொடுப்பவருக்குச் சபை நிதியிலிருந்து மரியாதையான ஊதியம் கொடுங்கள். ஆர்கன் வாசிப்பவரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள்.

ஆறு மாதம் கழித்துத் திரை தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். கண்பார்வை மங்கிய முதியோர் பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் படிக்க அது உதவும். முதலில் அரிசிப் பானைக்கு அளவு சொல்லுங்கள்: எண்பது குடும்பம் என்றால் முந்நூறு பேருக்கு வேண்டும், அதோடு வெளியே வண்டியில் காத்திருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் சேர்த்துப் போடுங்கள்.